அப்பாவிடம் காட்டச் சொன்ன குதிரை

நான் சீட்டு வாங்கி உள்ளே போய்ப் பார்த்த ஒரே சமாதி ஒரு சீனத் தளபதியுடையது. அவர் இறந்து இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது என்றார்கள். நான் அங்கே நின்று கல் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பகலில், அரியலூர் பக்கம் எங்கள் ஊரில் என் அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஊருக்கே அது தெரியும். துபாயில் என் அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் நின்று என்னைப் படம் எடுத்த மேனேஜருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

இதை யாரிடமும் கோர்வையாகச் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் பேச ஆரம்பித்தால் எனக்குப் பாதியில் வாய் ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை.

துபாய் கராமாவில் பழைய கட்டடம் ஒன்றில் எங்கள் அறை. சுவரோரம் இரண்டடுக்குக் கட்டில்கள், ஒரு ஃப்ரிட்ஜ், ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு ஏசி. எனக்கு வேலை கல் கம்பெனியில். முதலில் தரையில் மார்பிள் பதித்துக்கொண்டிருந்தேன். முட்டி தேய்ந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வரும் கல்லைச் சரி பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். பத்தாவது வரை படித்தவனுக்கு அது பெரிய பதவி என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். பதவியெல்லாம் இல்லை. கல் சரியில்லை என்றால் திட்டு வாங்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்கியவர். பேச்சு குறைவு. போனில் "சாப்டியா" என்பார், நான் பதில் சொல்வதற்குள் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அந்த வருடம் அவருக்குக் கிட்னி கெட்டுக் கால் வீங்க ஆரம்பித்தது. அப்போது ஒரு நாள் போனை அம்மாவிடம் கொடுக்காமல் வைத்திருந்தார்.

"டேய், ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. எனக்கு ஆச்சுன்னா நீதான் வைக்கணும். சின்னவன் கையில குடுத்துறக் கூடாது."

"என்னப்பா பேச்சு இது?"

"பேச்சு இல்ல. நீதான் வைக்கணும். சொல்லிட்டேன்."

எங்கள் பக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகனும் அம்மாவுக்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது வழக்கம். மூத்தவன் உயிரோடு இருக்கும்போது இளையவன் அப்பாவுக்கு வைத்தால், மூத்தவன் சண்டை போட்டுக்கொண்டு போனவன் என்றோ, பணம் வந்ததும் பெற்றவரை மறந்தவன் என்றோ ஊர் முடிவு செய்துவிடும். செருப்பு, வேட்டி, டார்ச் லைட் என்று எதை வாங்கி வரட்டுமா என்று நான் கேட்டாலும் வேண்டாம் என்றே சொன்ன மனிதர் அவர். என்னிடம் அவர் கேட்டது அந்த ஒன்றுதான்.

லீவு கேட்க மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் கோயம்புத்தூர்க்காரர், படித்தவர், எங்களை ஒருமையில் கூப்பிடாதவர். சொல்ல வேண்டியதைப் படிக்கட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். உள்ளே போனதும் "சார், அப்பாவுக்கு முடியல" என்பதற்கு மேல் வரவில்லை.

"தெரியும்ங்க. உங்க ரூம்ல சொன்னாங்க. சீனா ட்ரிப் ஒரு வாரம்தான். முடிச்சு வந்ததும் நேரா ஊருக்கு டிக்கெட். என் பொறுப்பு. போதுமா?"

போதாது என்று சொல்ல எனக்கு வரவில்லை. வந்திருந்தாலும் பயனில்லை. என் பாஸ்போர்ட் ஏற்கெனவே சீன விசாவுக்குப் போயிருந்தது. அது கைக்கு வந்தபோது அதில் சீனாவுக்குத்தான் முத்திரை இருந்தது.

ஒரு ஹோட்டல் முகப்புக்கான கல் அது. முந்தின தடவை அதே இடத்திலிருந்து வந்த கல்லில் பாதி நிறம் மாறியிருந்தது. சில பலகைகளில் விரிசலைப் பசை வைத்து மூடி அனுப்பியிருந்தார்கள். அதனால் இந்தத் தடவை அங்கேயே போய், பலகைகளைத் தரையில் பரப்பி, கல்லில் ஓடும் கோடு கோட்டோடு சேர்கிறதா என்று பார்த்து நம்பர் போட்ட பிறகுதான் ஏற்ற வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். பார்க்க நான், கையெழுத்துப் போட மேனேஜர்.

சீனாவில் என் போன் வேலை செய்யவில்லை. மேனேஜர் போனில் மட்டும் ரோமிங் இருந்தது. காலையிலும் மாலையிலும் அவர் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டால் என் போன் அதில் ஒட்டிக்கொள்ளும். தினமும் தம்பியிடம் பேசினேன். "அப்பா தூங்குறாருண்ணே" என்பான். இல்லையென்றால் "இப்பதான் கஞ்சி குடிச்சாரு" என்பான். முதல் சில நாட்கள் அது உண்மையாகவே இருந்தது.

கல் தொழிற்சாலையில் எங்களுக்குத் துணையாக ஒரு சீனப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கலாம். துபாயில் சீனக் கடைகள் வரிசையாக இருக்கும் பெரிய சந்தையில் சில வருடம் விளக்கு விற்றவள். அங்கே கற்ற இந்தி அவளிடம் இருந்தது. எனக்கும் இந்தி சைட்டில் கற்றதுதான். இரண்டு பேருக்குமே இலக்கணம் கிடையாது என்பதால் நன்றாகப் புரிந்தது. என்னை "பாய்" என்றுதான் கூப்பிடுவாள். மதியம் தட்டில் என்ன கறி என்று தெரியாமல் நான் விழிப்பதைப் பார்த்து, "பாய், யே முர்கி. டர்னா மத்" என்று சொல்லி, கோழி மாதிரி கையை அடித்துக் காட்டுவாள். இது கோழிதான், பயப்படாதே என்று அர்த்தம். மேனேஜர் சிரிப்பார். அந்த ஊரில் நான் சிரித்ததும் அவளால்தான்.

வேலை முடிய ஒரு சில பலகைகள் பாக்கி இருந்த மாலையில் மேனேஜருக்கு ஒரு போன் வந்தது. வெளியே கல் தூள் குவிந்திருந்த இடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டு வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து என் தோளில் கை வைத்தார். அத்தனை வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கு லோடிங் லேட்டாகும்ங்க. நம்மள ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். போய் ரிலாக்ஸா பாத்துட்டு வரலாம்."

"சார், ஊருக்குப் பேசணும். கொஞ்சம் ஆன் பண்றீங்களா?"

"டேட்டா பேக் தீந்து போச்சுங்க. நாளைக்குப் போட்டுத் தர்றேன்."

போன் செய்தது எங்கள் அறை அண்ணன். நாகர்கோவில் பக்கம் கடற்கரை ஊர்க்காரர், கிறிஸ்தவர், ஏசி மெக்கானிக், அறையில் எல்லோருக்கும் மூத்தவர். அப்பா அன்று மதியமே போய்விட்டார். தம்பி அறைக்குச் சொல்லியிருக்கிறான், அறை மேனேஜருக்குச் சொல்லியிருக்கிறது.

கல்ஃப் அறைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் சாவு என்றால் நேரே அந்த ஆளுக்குச் சொல்ல மாட்டார்கள். அறைக்குச் சொல்வார்கள். அறை கூடிப் பேசும். ஆள் சைட்டில் உயரத்தில் நிற்கிறானா, வண்டி ஓட்டுகிறானா, சாப்பிட்டானா என்றெல்லாம் பார்த்து, டிக்கெட் கைக்கு வந்த பிறகே வாய் திறப்பார்கள். அதுவரை "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ்" என்பார்கள். தூரத்தில் தனியாக இருக்கும்போது கேட்டால் ஆள் உடைந்துபோவான் என்பது காரணம். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணம் என் மேல் விழும்வரை நானும் அதில் ஒரு கோணலும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை காரில் போனோம். மக்காச்சோள வயல் நடுவே பெரிய பெரிய மண் மேடுகள். எல்லாம் ராஜாக்களின் சமாதி என்றாள் அந்தப் பெண். தளபதியின் மேடு அவற்றைவிடச் சின்னது, மரம் வளர்ந்து மூடியது. இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியதும் இறந்துவிட்டாராம். அந்த வயதுக்குள் குதிரையில் வடக்கே போய் எதிரிகளை விரட்டியிருக்கிறார். அவர் ஜெயித்த மலையைப் போலவே ராஜா இந்த மேட்டை எழுப்பி, மேலே காட்டு விலங்குகளைக் கல்லில் செய்து போடச் சொன்னாராம். இப்போது அவற்றை இறக்கிக் கீழே கூரை போட்டு வரிசையாக வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கல்வேலை நம் ஊர்க் கோயில் வேலை மாதிரி இல்லை. நகை, மடிப்பு, விரல் நகம் எதுவும் கிடையாது. கிடந்த பாறையில் எங்கே முதுகு மாதிரி மேடு இருந்ததோ அதை முதுகாக விட்டுவிட்டு, கண்ணுக்கும் வாய்க்கும் மட்டும் கொஞ்சம் கொத்தியிருந்தார்கள். ஒரு மாடு படுத்திருந்தது. ஒரு புலி கிடந்தது. ஒரு ஆளும் கரடியும் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு, எது யாருடைய கை என்று தெரியாமல் இருந்தன. சுற்றிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கொடி பிடித்த வழிகாட்டிகள், ஐஸ்கிரீம் விற்பவர். ஒரு சமாதியில் இத்தனை சத்தம் இருக்கலாம் என்று அன்றுதான் பார்த்தேன். பழக்கத்தில் உள்ளே நுழையும்போது செருப்பைக் கழற்றப் போனேன். அந்தப் பெண், "நஹி பாய், ஜூத்தா பஹனோ, தண்டா ஹை" என்று தடுத்தாள். குளிரும், செருப்பைப் போட்டுக்கொள் என்கிறாள்.

எல்லோரும் நின்ற இடம் குதிரை. ஆள் உயரம்கூட இருக்காது, ஆனால் கனமாக நின்றது. அதன் வயிற்றுக்குக் கீழே ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். தாடி, பெரிய முகம், கையில் வில். குதிரைக் கால்களுக்கு நடுவில் கல்லைக் குடைந்து எடுக்காமல் விட்டிருந்தார்கள். அந்த இடத்தை அவன்தான் அடைத்துக்கொண்டிருந்தான். அவனை எடுத்துவிட்டால் குதிரை நிற்காது போல இருந்தது.

"குதிரைதான் தளபதி. கீழ கெடக்கறவன் எதிரி" என்றார் மேனேஜர்.

நான் அந்தப் பெண்ணிடம், தளபதிக்கு மகன் இருந்தானா, கடைசிக் காரியம் யார் செய்தது என்று கேட்டேன். இப்போது யோசித்தால், அன்று காலையிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்தக் கவலைதான். அவள் பலகையில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்துவிட்டு, "லிக்கா நஹி ஹை, பாய்" என்றாள். அதைப் பற்றி எழுதவில்லையாம். யுத்தங்கள் மட்டும் வரிசையாக எழுதியிருந்தன.

"நில்லுங்க, ஒரு போட்டோ எடுக்கறேன்" என்றார் மேனேஜர்.

"வேண்டாம் சார்."

"அட நில்லுங்க. சிரிங்க. இன்னும் கொஞ்சம். வீட்டுக்கு அனுப்ப வேண்டாமா?"

அவர் ஏன் அந்த வார்த்தையைச் சொன்னார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எல்லாம் சாதாரணமாக இருக்கிறது என்று காட்டும் அவசரத்தில் வாயில் வந்துவிட்டதோ என்னவோ. அந்தப் பெண் பின்னாலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். அங்கே படம் எடுக்கும்போது எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நானும் தூக்கினேன். தங்கச்சி கல்யாணப் படத்தில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

படத்தை எனக்கு அனுப்பிவிட்டு மேனேஜர் தன் டேப்லெட்டைத் திறந்து ஆபீசுக்கு ஏதோ அனுப்ப உட்கார்ந்தார். அதற்காகப் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தார். என் போன் வழக்கம்போலத் தானாக ஒட்டிக்கொண்டது. குடும்பக் குரூப்பைப் பார்த்தேன். அத்தை தினமும் போடும் காலை வணக்கம் பூப்படம்கூட அன்று இல்லை. சிக்னல் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். யாரும் எதுவும் போடக்கூடாது என்று தம்பி சொல்லியிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

படத்தைப் போட்டேன். கீழே எழுத வராது என்பதால் வாயால் பேசி அனுப்பினேன்.

"அப்பா, நான்தான்ப்பா. சீனாவுல ஒரு தளபதி சமாதிக்கு வந்திருக்கேன். இங்க ஒரு குதிரை இருக்கு பாருங்க, ஒரே கல்லு. காலுக்குக் கீழ ஒருத்தன் கெடக்கான். செத்துட்டானான்னு தெரியல, வில்லை மட்டும் விடல. டேய் தம்பி, அப்பாகிட்ட காட்டுடா. தூங்கினாலும் எழுப்பிக் காட்டு."

அனுப்பி முடித்ததும் மேனேஜர் டேப்லெட்டை மூடி ஹாட்ஸ்பாட்டையும் நிறுத்தினார். தொடர்பு போய்விட்டது. பதில் வரவில்லையே என்று நான் நினைக்கவுமில்லை. கார் கிளம்பியது. அந்தப் பெண் வழியில் ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தாள்.

துபாய் விமான நிலையத்தில் வெளியே வந்தபோது அறை அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் வரச் சொல்லவில்லை. அவர் கையில் என் பெட்டி இருந்தது. நான் சீனாவுக்கு எடுத்துப் போனது சின்னப் பை. அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பெரிய பெட்டி, ஊருக்குப் போகும்போது மட்டும் வெளியே எடுப்பது. அதைப் பார்த்ததும் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எப்பண்ணே?" என்றேன்.

"மக்கா, மொதல்ல வந்து ஒரு சாயா குடி."

"எப்பண்ணே?"

அவர் சொன்னார். நான் விரலை மடக்கிக் கணக்குப் போடாமலே தெரிந்துகொண்டேன். மேனேஜர் ட்ராலியைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு, மக்கா. தம்பிதான் வச்சான்."

ஊரில் தெரு முனையில் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். எனக்காக மிச்சம் வைத்திருந்த அழுகை. அம்மா என்னைப் பார்த்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பி மொட்டைத் தலையோடு வந்து கையைப் பிடித்தான்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ அங்க என்னண்ணே பண்ணியிருப்ப? ஒத்தையில கெடந்து அழுதிருப்ப. ஒன் மேனேஜர்தான் ஒன் ரூம் அண்ணங்கிட்ட சொன்னாராம், எப்படியும் மூணு நாளாவும், வாய்ப்பே இல்லன்னு. அப்பாவுக்கு ஒடம்பு வேற ஊதிப்போச்சு. எத்தனை நாளுக்கு வச்சிருக்கிறது?"

பிறகு கராமாவில் டிக்கெட் போடும் கடையில் கேட்டேன். அந்த மாலையே கிளம்பியிருந்தால் மறுநாள் ராத்திரிக்குள் திருச்சியில் இறங்கியிருக்கலாம். ஐஸ் பெட்டி வைத்துக் காத்திருந்தால் போதும். எங்கள் ஊரில் சிங்கப்பூர் பிள்ளைகளுக்காக அதைவிட அதிக நேரம் வைத்திருக்கிறார்கள். நான் வர முடியுமா முடியாதா என்பதை ஒரு போனில் இரண்டு பேர் பேசி முடிவு செய்துவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்குக் கப்பலில் கல் ஏற வேண்டியிருந்தது.

ஆனால் ஊர் பேசியது அதைப் பற்றி இல்லை. என் குரலைப் பற்றி.

எனக்குச் சொல்லவில்லை என்ற விஷயம் தங்கச்சி மாப்பிள்ளைக்குத் தெரியாது. அவர் திருப்பூரிலிருந்து அன்று காலையில்தான் வந்து இறங்கியிருக்கிறார். குரூப்பில் என் பேரில் குரல் வந்ததைப் பார்த்ததும், வர முடியாத மகன் அப்பாவிடம் கடைசியாகப் பேசுகிறான் என்று நினைத்துவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அப்படிப் பேசுவதும், போனைக் காதில் வைப்பதும் எங்கள் பக்கம் நடக்கிறதுதான். "எல்லாரும் கொஞ்சம் அழுகைய நிறுத்துங்க, பெரிய மச்சான் பேசுறாரு" என்று சொல்லி, சத்தத்தைக் கூட்டி, போனை அப்பா காதில் வைத்திருக்கிறார்.

கூடம் முழுக்கக் கேட்டிருக்கிறது. சிரித்த குரலில் குதிரை, சமாதி, காலுக்குக் கீழே கிடப்பவன், தூங்கினாலும் எழுப்பு.

இதைத் தங்கச்சி எனக்குச் சொன்னாள். மாப்பிள்ளை கருமாதி முடியும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வீட்டில் அன்று எனக்காக ஏதாவது செய்ய நினைத்த ஒரே ஆள் அவர்தான்.

அப்பாவின் அக்கா, காலை வணக்கம் பூ அனுப்பும் அத்தை, பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"என் தம்பி மூட்ட தூக்கித் தூக்கி ஒன்ன ஆளாக்குனான். நீ எவன் சமாதியிலயோ போயி ரெண்டு வெரலத் தூக்கிக்கிட்டு நிக்கிறியா?"

"எனக்குத் தெரியாது அத்தை. யாரும் சொல்லல."

"சொல்லலன்னா என்ன? பெத்த அப்பன் கெடக்கான். நெஞ்சுக்குள்ள ஒண்ணுமே தோணல? ஒரு துடிப்புக்கூட இல்ல?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை. அந்த நேரம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். டீக்கடையில் ஒருவர், "என்னய்யா, சீனாக் குதிர நல்லா இருக்கா?" என்று கேட்டார். கேலியாகக்கூடக் கேட்கவில்லை, விசாரிப்பது போல் கேட்டார். அதற்குப் பிறகு கிளம்பும்வரை நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

திரும்பி வந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "உங்க நல்லதுக்குத்தாங்க. அங்க வச்சுச் சொல்லியிருந்தா நீங்க தாங்கியிருக்க மாட்டீங்க. மனசு மாறட்டும்னுதான் அந்த எடத்துக்கே கூட்டிட்டுப் போனேன்" என்றார். பொய் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே அப்படி நம்பினார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவர் என்றால் வெறுத்துவிட்டுப் போகலாம். "சரி சார்" என்றேன். அந்தக் கல் ஹோட்டல் முகப்பில் கோடு கோட்டோடு சேர்ந்து நன்றாக அமைந்தது. முதலாளிக்கு ரொம்பத் திருப்தி.

அறை அண்ணனிடம் மட்டும் ஒரு நாள் கேட்டேன். "நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அது எப்படிலே சொல்லுது? ஒனக்க தம்பி என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். நானும் நெனச்சேன், கொஞ்ச நாளு நிம்மதியா இருக்கட்டும்னு."

நான் அன்று எனக்குள் ஒரு முடிவு எடுத்தேன். இனி என் கைக்கு ஒரு செய்தி வந்தால், யாருடையதாக இருந்தாலும், அந்த நிமிடமே சொல்லிவிடுவது.

அடுத்த வருடம் அப்படி ஒரு செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். அண்ணன் சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். ஞாயிறு மீன் அவருடைய முறை. வேறு யாரையும் கத்தியைத் தொட விட மாட்டார். என் போனில் அவர் மகன் பேசினான். பாட்டி காலையில் தவறிவிட்டார், அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், சாப்பிட்ட பிறகு மெதுவாகச் சொல்லுங்கள் மாமா என்றான். சரி என்று வைத்துவிட்டு நேரே உள்ளே போனேன்.

"அண்ணே, அம்மா போயிட்டாங்க."

அவர் கையில் பாதி செதில் எடுத்த மீன். குழாயைத் திருகி மூடினார். என்னைப் பார்த்தார்.

"யாரு சொன்னா?"

"உங்க பையன் இப்பதான் பேசினான். சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லச் சொன்னான். நான் சொல்லிட்டேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். என்னைப் போல இவருக்கு ஆகவில்லை, நான் ஆக விடவில்லை என்று நினைத்திருந்தேன்.

"எதுக்குலே சொன்ன?" என்றார். "எனக்க பாஸ்போர்ட்டு விசா அடிக்கப் போயிருக்குன்னு ஒனக்குத் தெரியும்லா? நான் இப்ப எங்க போவ? நாளைக்குச் சாயங்காலம் அடக்கம் பண்ணிருவாவ. அதுவரைக்கும் நான் இந்தச் செவுத்தப் பாத்துட்டு இருக்கணுமா? தெரியாமயாவது கெடந்திருப்பேன். நீ ஒனக்காகச் சொன்ன, மக்கா. எனக்காகச் சொல்லல."

அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அவர் டியூட்டிக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. அடக்கத்தை அவர்கள் ஊர் வீடியோக்காரர் நேரடியாகக் காட்டினார். போனை எங்கே சாய்த்து வைத்தாலும் வழுக்கியது. "பிடி" என்று மட்டும் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன். படம் எனக்குத் தெரியவில்லை, அவர் முகம்தான் தெரிந்தது. ஜெபம் கேட்டது, பாட்டு கேட்டது. பெட்டியை மூடப் போகும்போது படம் நின்று சுற்ற ஆரம்பித்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "போட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

முந்தின நாள் வெட்டிய மீன் ஃப்ரிட்ஜில் அப்படியே இருந்தது. அதை எடுத்துக் குழம்பு வைத்தார். டியூட்டி முடிந்து எல்லோரும் வந்ததும் தரையில் தாள் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பில் உப்பே இல்லை. யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.